காப்பா, விலங்கா?

தலை முன்னே, கால் பின்னே, முகம் தரையை நோக்கி. கைகள் இரண்டும் உடலோடு ஒட்டிக் கிடக்க, எஃகுச் சட்டமொன்றின்மீது குப்புறப் படுத்தபடி, பனிக்கட்டியால் வார்த்த கால்வாயொன்றில் ஓர் இளநங்கை பாய்ந்து வருகிறார். மோவாய்க்கும் பனிக்கும் இடையே சில விரற்கடைத் தொலைவுதான். வேகமோ மணிக்கு 120 கிலோமீட்டர். சில தடங்களில் 130. அந்தச் சட்டத்துக்குப் பிரேக் கிடையாது, திருப்பும் சக்கரமும் கிடையாது. தோளாலும் முழங்காலாலும் சற்றே அழுத்தித்தான் திருப்ப வேண்டும். வளைவுகளில் உடலின் எடையைப் போல் நாலைந்து மடங்குச் சுமை வந்து கழுத்தை அமுக்கும். ஒரு நிமிடம்; அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில் கண் சற்றுப் பிசகினாலும் பதக்கம் போகும். தோள் பிசகினால் எலும்பே போகும்.

இந்த விளையாட்டுக்கு ஸ்கெலிட்டன் என்று பெயர். எலும்புக்கூடு! சதைப்பற்றில்லாத அந்த வெறும் சட்டத்தைக் கண்டு இட்ட பெயர் என்பர் சிலர். குளிர்கால ஒலிம்பிக்கில் 2002ஆம் ஆண்டு முதல் மகளிரும் இதில் ஓடுகின்றனர். 2026இல் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் கலப்பு அணிப் போட்டியையும் சேர்த்துள்ளனர்.

“பெண்ணுக்கு எதற்கய்யா இந்தப் பேராபத்து?” என்று கேட்பார் நம் ஊர்ப் பெரியவர். கேட்கட்டும். கேள்வியில் குற்றமில்லை. கேட்பவர் நெஞ்சில் கனிவு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தக் கனிவு எங்கே பிறந்தது, எங்கே வளர்ந்தது, யாருக்குப் பயன்பட்டது என்று ஆராய்வது பகுத்தறிவாளர் கடன் அன்றோ?

சுவிட்சர்லாந்து நாட்டில் செயின்ட் மோரிட்ஸ் என்றோர் ஊர். குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஆங்கிலச் செல்வர்கள் பொழுதுபோகாமல் பனிச்சரிவில் சறுக்கத் தொடங்கிய இடம் அது. 1884-85ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே எழுந்த கிரெஸ்டா தடந்தான் இந்த விளையாட்டின் தாய்வீடு. தொடக்க காலத்தில் அத்தடத்தில் ஆடவரைப் போலவே பெண்டிரும் சறுக்கினர். 1928இல் அதே ஊரில் ஒலிம்பிக் நடந்தது; ஆடவர் ஸ்கெலிட்டனும் அதில் இடம்பெற்றது. விளையாட்டுக்கு உலகப் பெருமை வந்துவிட்டது. மறு ஆண்டு, 1929இல், பெண்கள் அத்தடத்தில் இறங்கக்கூடாது என்று தடை விதித்தனர்!

பெருமை வரும்வரை பெண்ணுக்கு இடம் இருந்தது. பெருமை வந்ததும் ஆபத்து என்னும் காரணமும் உடன் வந்து சேர்ந்தது. மார்பு அடிபட்டால் புற்றுநோய் வரும் என்பது அந்தத் தடைக்குச் சொல்லப்பட்டுவந்த காரணங்களுள் ஒன்று. மருத்துவத்தின் பெயரால் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்? பழைய நாட்களில் சாத்திரம் செய்த வேலையைப் புதிய நாட்களில் வைத்தியத்தின் பெயரைச் சொல்லி ஆளனுப்பிச் செய்வித்தனர். அத்தடை நீங்கியது 2018இல். எண்பத்தொன்பது ஆண்டுகள்! ஒரு மனித ஆயுளை விடவும் நீண்ட கரிசனம்.

அதே 1928ஆம் ஆண்டின் கோடையில் ஆம்ஸ்டர்டாம் நகர ஒலிம்பிக்கில் நடந்ததையும் நினைவிற் கொள்க. மகளிர் 800 மீட்டர் ஓட்டம் அப்போதுதான் முதன்முறையாக நடந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி வென்றார். ஜப்பானின் கினுயே ஹிடோமி இரண்டாமவர். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் எல்லைக்கோட்டை எட்டினர். ஆனால் ஏடுகள் என்ன எழுதின? பெண்கள் பாதியிலே சரிந்து வீழ்ந்தனர் என்றும், காணச் சகியாத காட்சி என்றும் எழுதின. ஓடி முடித்தபின் களைத்துத் தரையில் சாய்வது ஆடவருக்கும் உரியதுதான். ஆடவர் சாய்ந்தால் அதற்கு வீரம் என்று பெயர். பெண் சாய்ந்தாளோ, அவ்வோட்டத்தையே ஒலிம்பிக்கிலிருந்து எடுத்துவிட்டனர். 1960இல் ரோம் நகரில் மீண்டும் 800 மீட்டர் வரும்வரை, அந்த 32 ஆண்டுகளும், 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டம் எதுவும் ஒலிம்பிக்கில் பெண்களுக்குக் கிடையாது.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர், தோழர்களே! உலகப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் தலைவராக இருந்தவரே, உயரத்திலிருந்து பனியில் தாவிக் குதிக்கும் விளையாட்டு மருத்துவ நோக்கில் பெண்களுக்கு ஏற்றதாகத் தோன்றவில்லை என்று கூறினார். கூறிய ஆண்டு 2005. அதே விளையாட்டில் மகளிருக்கு ஒலிம்பிக் கதவு 2014இல் திறந்தது. தாவலும் நெடுந்தொலைவுச் சறுக்கலும் இணைந்த நார்டிக் கூட்டுப் போட்டியிலோ 2026ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலும் மகளிருக்கு இடமில்லை.

இனி இன்னொரு காட்சி. 2010 பிப்ரவரி 12. கனடாவின் வான்கூவர் நகரில் குளிர்கால ஒலிம்பிக் தொடங்கவிருந்த நாள். விசிலர் மலைத்தடத்தில் லூஜ் எனப்படும், மல்லாந்து படுத்துக் கால் முன்னே செல்லும் சறுக்கலுக்கான பயிற்சி. ஜார்ஜியா நாட்டு இளைஞர் நோடார் குமரிதாஷ்விலி, 21 வயது, கடைசி வளைவில் கட்டுப்பாடு இழந்து, தடத்துக்கு வெளியே தூக்கி எறியப்பட்டு, எஃகுத் தூணில் மோதி மாண்டார். பிழை வீரருடையது என்றே அதிகாரிகள் கூறினர். ஆயினும் ஓரிரவுக்குள் என்ன செய்தனர்? வளைவின் ஓரத்து மதிலை உயர்த்தினர். ஆடவர் புறப்படும் இடத்தைக் கீழிறக்கி, மகளிர் புறப்படும் இடத்துக்குக் கொணர்ந்தனர். மகளிருக்கு இளையோர் புறப்படும் இடத்தைக் கொடுத்தனர். வேகம் குறைந்தது. போட்டி நடந்தது.

ஆண் ஒருவர் மாண்டார் என்பதால், ஆண்கள் இனிச் சறுக்க வேண்டா என்று எவரேனும் சொன்னாரா? ஆண் உடல் இதற்கு ஏற்றதன்று என்று எந்த மருத்துவராவது எழுதினாரா? இல்லை. தடத்தைத் திருத்தினர். அதே விசிலர் தடத்தில், ஒரு வாரம் கழித்து, பிரிட்டனின் ஏமி வில்லியம்ஸ் ஸ்கெலிட்டன் போட்டியில் தங்கம் வென்றார்.

ஆண் வீழ்ந்தால் தடத்தைத் திருத்துவர். பெண் வீழ்ந்தால் பெண்ணையே விலக்குவர். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால், பனிமலையிலிருந்து நேரே நம் எண்ணூருக்கு வந்து சேரலாம்.

“பனியே காணாத ஊருக்கு இந்தப் பேச்சு எதற்கு?” என்பாரும் உளர். பிரிட்டனிலும் பனித்தடம் கிடையாது. பாத் நகரப் பல்கலைக்கழகத்தில், பனியில்லாத் தரையில், ஓடித் தள்ளி ஏறிப் பழகுவதற்கென ஒரு சிறு தடம் இட்டிருக்கின்றனர்; மற்றப் பயிற்சியெல்லாம் அயல்நாட்டில். அந்நாட்டுப் பெண்கள் 2002 முதல் 2018 வரை ஐந்து ஒலிம்பிக்கிலும், ஒன்றுகூடத் தவறாமல், ஸ்கெலிட்டன் பதக்கம் பெற்றனர். ஆஸ்திரேலியாவிலும் தடம் இல்லை. அந்நாட்டின் ஜாக்லின் நாரகாட் 2022இல் வெள்ளி வென்றார். நைஜீரியாவின் சிமிடெலே அடியாக்போ 2018இல், தம் 36ஆம் வயதில், ஒலிம்பிக் ஸ்கெலிட்டனில் இறங்கிய முதல் ஆப்பிரிக்கப் பெண்ணானார். ஓடிய இருபது பேரில் இருபதாமவராக வந்தார். இருபதாம் இடந்தானே என்று இளிப்போர் இளிக்கட்டும். இருபத்தோராம் இடத்தில் இருந்தவர்கள் வீட்டில் அடைபட்டிருந்த கோடிப் பெண்கள்.

நம் சென்னையிலும் பனிக்குப் பதில் சக்கரம் உண்டு. 2023 அக்டோபரில் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டில், சக்கரக் காலணி 3,000 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலம் பெற்ற இந்திய மகளிர் அணியில் கார்த்திகா ஜெகதீசுவரனும் ஆரத்தி கஸ்தூரிராஜும் சென்னையினர். தார்ச்சாலையிற் சறுக்கி விழுந்தால் தோல் உரியும்; அதை அவர்கள் அறியாதவர்களா?

பனியை விடுவோம். ஆபத்தைப் பேசுவோம். ஆபத்துக்கு நம் வடசென்னையில் பஞ்சமா?

எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் குலப் பெண்கள் இறால் பிடிக்கின்றனர். வலை இல்லை, தூண்டில் இல்லை. மார்பளவு நீரில் அமர்ந்து, சேற்றைக் கையால் துழாவி, அகப்பட்ட இறாலைப் பறியில் போடுவர். ஓலையால் முடைந்த அந்தப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பர். கை இரண்டும் சேற்றுக்குள் இருக்கின்றனவே! மோவாய்க்கும் நீருக்கும் இடையே சில விரற்கடை. அந்த நீரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்திருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் வந்து படர்ந்தது. சேற்றில் சிப்பி அறுக்கும், முள் குத்தும். மணிக்கணக்கில் அந்த நீரில் கிடக்கும் இந்தப் பெண்களைப் பார்த்து, “பெண்ணுடலுக்கு ஆகாது, எழுந்து கரைக்கு வாருங்கள்” என்று கைகூப்பி அழைத்த பெரியவர் எவரேனும் உண்டா? நாம் கேள்விப்பட்டதில்லை.

காசிமேட்டில் விடியுமுன் ஏலம். இருட்டில் வந்து, மீனெடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாய்ச் செல்லும் பெண்களின் கழுத்தெலும்பு தாங்கும் சுமையை எந்த மருத்துவர் எடைபோட்டார்? எண்ணூர் நெடுஞ்சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசை வரிசையாய் நிற்கும். அவற்றின் இடுக்கில் ஸ்கூட்டரில் பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு விடச் செல்லும் தாயின் தலையில் பெரும்பாலும் கவசங்கூட இருப்பதில்லை. ஸ்கெலிட்டன் வீராங்கனைக்காவது தடம் ஒழிந்திருக்கிறது!

2023 டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவு, பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண்ணெரிந்து, மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் ஓடினர் மக்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அந்த ஆபத்தில் ஆண், பெண் என்ற பேதமே இல்லை. சமத்துவம் வேண்டும் வேண்டும் என்று நாம் எழுதினோம். நச்சுக்காற்று வந்து வழங்கிவிட்டுப் போயிற்று.

ஆக, பெண் ஆபத்தில் இருக்கக்கூடாது என்பது இந்தச் சமுதாயத்தின் கொள்கை என்று எவரும் சொல்ல முடியாது. சுமக்கிறாள், மூழ்குகிறாள், முகர்கிறாள், கேட்பாரில்லை. அவளே விரும்பி, அவளே தேர்ந்து, அவள் பெயரால் புகழும் பொருளும் வரக்கூடிய ஆபத்தொன்றின்முன் போய் நிற்கும்போதுதான், “ஐயோ, பெண்ணாயிற்றே!” என்ற குரல் எழுகிறது. பிறர் சுமத்திய ஆபத்துக்கு அனுமதி தேவையில்லை. தான் ஏற்கும் ஆபத்துக்குத்தான் ஆயிரம் அனுமதி.

நாம் பாடம் சொல்லித்தரும் பகுதியில், விளையாட்டு வேளை வந்தால் பையன்கள் பந்தை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடுவர். பெண்கள் பெரும்பாலும் சுவரோர நிழலில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பர். ஓட்டத்தில் வல்ல மாணவி ஒருத்தியிடம், கபடிக் குழுவில் சேர்வதற்கென்ன என்று கேட்டோம். அம்மா விடமாட்டார் என்றாள். ஏன் என்றோம். “மூஞ்சியில அடிபட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவாங்கன்னு கேக்குறாங்க” என்றாள். அவள் அம்மா மீன் சுமப்பவர். தம் முதுகு வளைந்ததைப் பற்றி அவர் ஒருநாளும் முறையிட்டதில்லை. மகள் முகத்தில் ஒரு கீறல் விழுமோ என்று அஞ்சுகிறார்.

அந்தத் தாயை நாம் பழிக்கமாட்டோம். சந்தை எப்படி நடக்கிறது என்பது விற்றுப் பழகியவருக்குத் தெரியும். கீறல் விழுந்த பொருளுக்கு விலை குறையும் என்று அவருக்குக் கற்பித்தது இந்தச் சமுதாயம். இன்னொரு வீட்டுக்கு ஒப்படைக்கப்போகும் பாண்டத்தைத் துணி சுற்றி வைப்பது போலல்லவா பெண்ணை வைத்திருக்கிறோம்! அதற்குக் காப்பு என்று பெயரும் சூட்டியிருக்கிறோம்.

காப்பு! தமிழில் இந்தச் சொல்லுக்குத்தான் எத்தனை பொருள்! பாதுகாப்பதும் காப்பு, பெண் கையில் பூட்டும் வளையும் காப்பு, காவலர் மாட்டும் விலங்கும் கைக்காப்பு. ஊர்த் திருவிழாவில் காப்புக் கட்டிவிட்டால், விழா முடியும்வரை ஊரெல்லையைத் தாண்டக்கூடாது என்பர். நம் முன்னோர் சொல்லை அமைத்தபோதே உண்மையை ஒளிக்காமல் வைத்துவிட்டனர் போலும்.

ஆடவருக்கு வந்தால் அடியும் அணிகலன். இந்த வடசென்னையிலே குத்துச்சண்டைக்குப் பரம்பரைகள் இருந்தன: சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று. உடைந்த மூக்கையும் வீங்கிய காதையும் காட்டி, இது இன்னாரோடு மோதியபோது பட்டது என்று கதை சொல்லும் தாத்தாக்களை நாம் பார்த்திருக்கிறோம். எந்தப் பாட்டிக்கும் அப்படிச் சொல்ல ஒரு தழும்பு இல்லை. அடுப்பில் சுட்ட தழும்புக்குக் கதை ஏது? ஒலிம்பிக்கில் பெண்கள் குத்துச்சண்டை 2012இல்தான் வந்தது.

ஆயினும், இதே வட்டாரத்தில் ஒருவர் தப்பித்தார். வண்ணாரப்பேட்டையின் பவானி தேவி. தந்தையார் கோயில் அர்ச்சகர். நடுத்தரத்துக்கும் கீழான குடும்பம். 2004இல் பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுக்கப்போனபோது மற்றக் குழுக்கள் நிரம்பிவிட்டிருந்தன. மிச்சமிருந்த வாள்வீச்சை எடுத்துக்கொண்டார். வாள் விலை அதிகம் என்பதால் தொடக்கத்தில் மூங்கிற்கழியால் பழகினார். அவர் எடுத்த வாள் வகைக்குச் சேபர் என்று பெயர். ஆடவர் சேபர், ஒலிம்பிக் தொடங்கிய 1896ஆம் ஆண்டிலேயே இருந்தது. மகளிர் சேபர் சேர்ந்தது 2004இல். நூற்றெட்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த கதவு ஏதென்சில் திறந்த அதே ஆண்டில், வண்ணாரப்பேட்டைச் சிறுமி ஒருத்தி மூங்கிற்கழியைக் கையில் எடுத்தாள்! 2021 ஜூலை 26ஆம் நாள் டோக்கியோவில், ஒலிம்பிக் வாள்வீச்சு மேடை ஏறிய முதல் இந்தியர் அவரே. முதற்சுற்றில் துனீசியாவின் நாடியா பென் அசீசியை 15-3 என வென்றார். அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 எனத் தோற்றார். 2023இல் ஆசியப் போட்டியில் உலக வாகையர் ஜப்பானின் மிசாகி எமுராவைக் காலிறுதியில் வீழ்த்தி வெண்கலம் பெற்றார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மற்றக் குழுக்கள் நிரம்பாதிருந்தால் அவர் வாளைத் தொட்டிருக்கமாட்டார். தற்செயலாக ஒரு கதவு திறந்திருந்தது. தற்செயலை நம்பியா ஒரு தலைமுறைப் பெண்களை நாம் வளர்ப்பது?

இனி, நம்மைச் சேர்ந்த தோழர் ஒருவரின் மறுப்பையும் கேட்டாக வேண்டும். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவர் சொல்கிறார்: “பனிச்சறுக்கும் வாள்வீச்சும் வசதி படைத்தோர் ஆட்டம். ஆபத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை என்று நீங்கள் முழங்குவீர்கள், ஆலைமுதலாளி அதைக் காதில் வாங்கிக்கொண்டு, ‘நல்லது, இனிப் பெண்களும் நச்சுப்புகையில் நிற்கட்டும், அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்’ என்பான். உங்கள் உரிமை அவன் கையில் ஆயுதமாகும்.”

உண்மைதான். சட்டத்தின் வரலாறே இதற்குச் சான்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடைப்பட்ட நேரமன்றி வேறு நேரத்தில் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கலாகாது என்றது. கனிவான சட்டம்! ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் இருந்தது. மீனைப் பதப்படுத்தும் ஆலைகளில், சரக்குக் கெட்டுப்போகாமல் காக்க வேண்டியிருந்தால், பெண்களை இரவிலும் வேலை வாங்க மாநில அரசு விதி செய்யலாம். பெண் கெட்டுவிடுவாள் என்று இரவைத் தடுத்த சட்டம், மீன் கெட்டுவிடும் என்றதும் வழிவிட்டது! இராயபுரத்து மக்களுக்கு இதன் சுவை நன்கு விளங்கும்.

2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம், பெண் என்பதற்காகவே இரவுவேலையை மறுக்கும் அந்தப் பகுதி அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அத்தோடு நிற்கவில்லை, இரவில் பெண்களை வேலைக்கு வைக்கும் ஆலை, போக்குவரத்து ஏற்பாடு உள்ளிட்ட பாதுகாப்புக் கடமைகளை ஏற்க வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. விசிலரில் மதிலை உயர்த்தியது போன்ற வேலை இது. பெண்ணை வெளியே நிறுத்தாமல் தடத்தைத் திருத்துவது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமோ, எல்லா வகை வேலையிலும் பெண்ணை அமர்த்தலாம், அவள் சம்மதித்தால் இரவிலும் அமர்த்தலாம் என்கிறது.

சம்மதித்தால்! இந்த ஒரு சொல்லில்தான் தோழரின் அச்சம் முழுவதும் அடங்கியிருக்கிறது. திருவொற்றியூரில் வாடகை பாக்கியோடு இருக்கும் ஒரு பெண்ணிடம் சம்மதப் படிவத்தை நீட்டினால், அவள் கையெழுத்து எதைக் குறிக்கும்? கையெழுத்திடாவிட்டால் நாளை வேலை இருக்குமா என்று அவள் கேட்க முடியுமா? மறுக்க முடியாதவளின் சம்மதம் சம்மதமாகாது. ஸ்கெலிட்டன் வீராங்கனை, தடத்தின் மேலே நின்று, இன்று பனி சரியில்லை, நான் இறங்கமாட்டேன் என்று சொல்லலாம். அந்த ஆண்டு ஒரு போட்டி போகும், அடுப்பு அணையாது. அவருக்குத் தடத்தின் ஒவ்வொரு வளைவும் தெரியும். முதல்நாள் அவரே நடந்து பார்த்திருக்கிறார். கீழே மருத்துவர் நிற்கிறார். வென்றால் பெயர் அவருடையது. இத்தனையும் இருப்பதால்தான் அவர் ஏற்பது ஆபத்தாயினும் அடிமைத்தனம் ஆகவில்லை. பெரியகுப்பத்துத் தாய்க்கோ, தம் வீட்டுக்கு அருகே கடலடியில் ஓடும் குழாயில் என்ன செல்கிறது என்றுகூட எவரும் சொல்லியிருக்கவில்லை.

எனவேதான் தோழரின் முடிவோடு நாம் உடன்படவில்லை. முதலாளி திரித்துவிடுவான் என்று அஞ்சி, பெண்ணுக்குத் தேர்வுரிமை வேண்டா என்பது, திருடன் வருவான் என்று வீட்டுக்காரியையே கட்டிப்போடுவது போலாகும். ஆபத்தை ஏற்கும் உரிமையும் ஆபத்தை மறுக்கும் உரிமையும் வெவ்வேறு அல்ல. இந்த உடலுக்கு உரியவள் நான் என்ற ஒரே நினைப்பின் இரு கைகள். முகத்தில் கீறல் விழக்கூடாது என்று பதினைந்து ஆண்டுகள் அடக்கி வளர்க்கப்பட்ட பெண், பதினெட்டாம் வயதில் ஆலை வாயிலில் நின்று, இந்தப் புகைக்குக் கவசம் எங்கே என்று திடீரெனக் கேட்டுவிடுவாளா? கபடிக் களத்தில் “நான் இறங்குகிறேன்” என்று சொல்லிப் பழகியவளுக்குத்தான், ஆலைக் களத்தில் “நான் இறங்கமாட்டேன்” என்று சொல்லவும் நா எழும்.

அப்படிச் சொல்லும் நாவை எண்ணூர் கண்டும் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் அந்த இரவுக்குப் பிறகு, பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவர் ஊர்களின் மக்கள் ஆலையின்முன் பந்தலிட்டு அமர்ந்தனர். பந்தலில் பெண்கள் திரளாக இருந்தனர். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தோரும், கைக்குழந்தையோடு வந்தோரும், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்தோரும் அவர்களுள் உண்டு. எங்களை வேறிடத்துக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வையுங்கள் என்பது அவர்கள் கோரிக்கையாக இருக்கவில்லை. ஆலையை மூடு என்றனர்.